தேசிக்காய் மணத்த கார்

கைப்பைக்குள் இருந்த தேசிக்காய்களை ஒவ்வொன்றாக எடுத்து அந்தப் பெண்ணின் உள்ளங்கையில் வைத்தேன்.

“வேறு?” என்றாள்.

பின்சீட்டில் மகள் மூக்கருகே பிடித்துக்கொண்டிருந்ததையும் கெஞ்சி வாங்கிக் கொடுத்தேன். காரில் அவளுக்கு வயிற்றைப் பிரட்டும். மணந்துகொண்டிருந்தால் சத்தி வராது.

“வேறு?”

எலுமிச்சையைத்தான் நாங்கள் தேசிக்காய் என்போம், ஆரஞ்சைத் தோடம்பழம் என்போம். பாரிஸில் லாசப்பல் கடைகளிலும் இந்தப் பெயர்கள்தான். அன்று நாங்கள் நின்றது பாரிஸில் இல்லை. தென்னாபிரிக்காவின் தெற்குக் கரையோரம், அடோ யானைப் பூங்காவின் வாசலில் நின்றோம். எங்களுக்குக் கோடைவிடுமுறை, அங்கே மாரிக்காலம். கேட்டவள் வாசற்காவலர். காக்கி உடுப்புக்கு மேல் கம்பளித் தொப்பி போட்டிருந்தாள்.

“உள்ளே யானைகளுக்கு இந்தப் பழங்கள் என்றால் பைத்தியம்” என்றாள். “முன்னொரு காலத்தில் அவை தோட்டங்களுக்குள் போகாமல் இருக்க, லொறி லொறியாகத் தோடம்பழம் கொண்டுவந்து கொட்டினார்களாம். அந்தப் பழக்கம் பெரிய கரைச்சலாகப் போய், பிறகு நிறுத்திவிட்டார்கள். காருக்குள் ஒன்று இருந்தாலும் தும்பிக்கை தேடி வரும் என்று இன்றைக்கும் விடுவதில்லை.”

நான் கார்ச் சில்லைக் குனிந்து பார்த்தேன்.

“இஞ்சாருங்கோ” என்று கணவரின் முழங்கையைப் பிடித்தேன். “சில்லு...”

“என்ன சில்லு?”

“காலமை தேசிக்காய் வைச்சு ஏத்தினனாங்கள் எல்லோ. நாலு சில்லும்.”

கணவர் அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தபடியே தமிழில் சொன்னார்: “வாயைத் திறவாதையும்.”

இந்தத் தேசிக்காய் எப்படி அந்தச் சில்லுக்கு அடியில் போனது என்று சொல்வதற்கு நான் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

ஆட்டுச் சத்தம்

சென்ற வாரம் இந்தப் பகுதியில் நான் எழுதிய, மகள் பிறந்த கதையைப் படித்தவர்கள், அதில் என் கணவர் அதிகம் பேசவில்லையே என்று கேட்டிருந்தார்கள். அவர் பேசுவது குறைவுதான். ஒரு பிரெஞ்சு உணவகத்தின் சமையலறையில் நாள் முழுவதும் மற்றவர்கள் கத்துவதைக் கேட்கிறார். வீட்டுக்கு வந்தால் அமைதி வேண்டும். மார்க்ஸ் டோர்மோயில் எங்கள் சின்ன வீட்டில் தொலைக்காட்சியின் சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டு, காட்டு மிருகங்கள் வரும் நிகழ்ச்சிகளைப் பார்ப்பார்.

ஏன் சத்தமில்லாமல் பார்க்கிறீர்கள் என்று கலியாணமான புதிதில் கேட்டேன்.

“சத்தம் கேட்டனான். படம்தான் பாக்கேல்லை” என்றார்.

பிறகுதான் அந்தக் கதை வந்தது. ஊரைவிட்டு வெளிக்கிட்ட காலத்தில், பிரான்சுக்கு அனுப்புவதாகச் சொன்ன ஏஜென்சிக்காரன் இவரை மேற்கு ஆபிரிக்காவில் ஒரு துறைமுக நகரத்தில் இறக்கினான். ஒரு அறை. அதற்குள் எங்கள் ஆட்கள் ஏழெட்டுப் பேர். யன்னல் திறக்கக் கூடாது, வெளியே போகக் கூடாது. மாதக்கணக்காக அங்கே கிடந்தார்கள். தகரக் கூரையில் மழை விழும் சத்தம், தெருவில் யாரோ மீன் விற்கும் சத்தம், பக்கத்து வளவு ஆட்டின் சத்தம். அவ்வளவுதான் இவர் அறிந்த ஆபிரிக்கா.

“ஆபிரிக்காவிலை இருந்தனான் எண்டு சொல்ல வெக்கமாக் கிடக்கு. ஆர் கேட்டாலும் என்னத்தைச் சொல்லுறது? ஆடு கத்தினது எண்டோ?”

பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்த அன்று, இலண்டனில் இருக்கும் மச்சாளிடம் போவோமா என்று நான் கேட்டேன். இவர் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “ஆபிரிக்கா போவம். கண்ணாலை பாத்திட்டு வருவம்.”

சிங்கமும் நுளம்பும்

அப்போது எங்கள் நிவேதாவுக்கு ஐந்து வயது. எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். இப்போதும் அப்படித்தான், அப்போது இன்னும் மோசம். பள்ளிக்கூடத்தில் அவள் இருமினாள் என்று சொன்னாலே சென் தெனியில் என் அலுவலகத்திலிருந்து ஓடிவருவேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சமையலறை மேசையில் கணினியை வைத்துக்கொண்டு நானும் இவரும் காடு தேடினோம். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனம் துள்ளுகிறது! பொட்ஸ்வானாவில் சோபே என்று ஒரு ஆறு. யானைகள் தும்பிக்கையை மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு நீந்திக் கடக்கும். நமீபியாவில் எட்டோஷா. கண் எட்டும் தூரத்துக்கு வெள்ளை வெளேரென்று உப்புத்தரை. நீங்கள் ஒரு நீர்க்குழியருகே சும்மா இருந்தால் போதும், வரிக்குதிரையும் ஒட்டகச்சிவிங்கியும் தாகத்தில் தாமாகவே வரும். சிம்பாப்வேயில் ஹுவாங்கே. எல்லாவற்றுக்கும் மேலே தென்னாபிரிக்காவின் குரூகர். இவருக்குக் குரூகர்தான். சிங்கம் தெருவின் நடுவே படுத்திருக்கும் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பார்.

ஒவ்வொரு இடத்திலும் நான் முதலில் மயங்குவேன். அடுத்த நிமிடம் கீழே சின்ன எழுத்தில் எழுதியிருப்பதைப் படிப்பேன். மலேரியா.

தடுப்பூசி நிலையத்து டொக்டர் நல்ல மனிதர். “சின்னப்பிள்ளைகளுக்கும் மாத்திரை இருக்கிறது, மடாம். எத்தனையோ குடும்பங்கள் போய்வருகின்றன” என்றார். நான் தலையாட்டினேன். வெளியே வந்ததும், மாத்திரையை நிவி துப்பிவிட்டால் என்ன செய்வது என்று யோசித்தேன். திரும்பிப் போய்க் கேட்டேன். சொன்னார். மெட்ரோ வாசலுக்கு வந்ததும் இன்னொரு கேள்வி வந்தது. மூன்றாம் தரம் போக வெட்கமாக இருந்தது.

கடைசியில் அடோவைக் கண்டுபிடித்தது நான்தான். மலேரியா இல்லை. சொந்தமாகக் கார் ஓட்டிப் பார்க்கலாம். சிறு பிள்ளைகளைத் திறந்த ஜீப்பில் ஏற்றமாட்டார்கள் என்ற பிரச்சினையும் இல்லை. யானைக்கென்றே பெயர்போன இடம்.

“சிங்கம்?” என்றார் இவர்.

“இருக்காம். எப்பவாவது தெரியுமாம்.”

கணினித் திரையில் குரூகர்ச் சிங்கம் இன்னும் படுத்திருந்தது. இவர் அதை மெல்ல மூடினார். “சரி. உமக்குப் பயமெண்டால் அங்கையே போவம்.”

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் குத்தியது. இத்தனை வருட ஆசை. போய், ஒன்றையும் பார்க்காமல் திரும்பினால் அதற்குக் காரணம் மலேரியா நுளம்பு இல்லை. நான்.

கடைக்கார அண்ணையின் யோசனை

லாசப்பலில் ஒரு செய்தியைச் சொன்னால் அது உங்களுக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய்விடும். மரக்கறி வாங்கும் கடையில் அண்ணை முருங்கைக்காய் நிறுத்துக்கொண்டே தொடங்கினார்.

“என்ன தங்கச்சி, ஆனை பாக்க ஆபிரிக்கா போறியளாம்?”

“ஓம் அண்ணை.”

“மிருகம் பாக்கிறதெண்டால் வன்செனிலை மிருகக்காட்சிச்சாலை கிடக்குத்தானே. மெட்ரோவுக்கு நவிகோ காட் காணும். மத்தியானம் வீட்டை வந்து சோறு தின்னலாம்.”

“அங்கை கூட்டுக்குள்ளை எல்லோ நிக்கும்.”

“அங்கை மிருகம் கூட்டுக்கை. நீங்கள் போற இடத்திலை மனிசர் கூட்டுக்கை. காருக்குள்ளை பூட்டிக்கொண்டு இருக்கிறதுக்குப் பிளேன் ஏறவேணுமோ?” என்று சொல்லிக் கறிவேப்பிலையைச் சும்மா போட்டுவிட்டார். கடையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு நடந்துவரும்போது, அண்ணை சொன்னதிலும் நியாயம் இருக்கிறதோ என்று தோன்றியது.

காட்டுப்பன்றியின் வால்

முதல் நாள் மழை. மழையோடு புகார், தெரு தெரியாத மூடுபனி. காட்டுப்பாதையில் மெல்ல ஓட்டினோம். நான் இடப்பக்கம், இவர் வலப்பக்கம், நிவி இரண்டு பக்கமும் பார்ப்பதாக ஏற்பாடு.

பார்த்தவை: சின்ன வாலைக் கொடிக்கம்பம் போல நிமிர்த்திக்கொண்டு ஓடிய காட்டுப்பன்றிகள். ஒரு ஆமை. சாணி உருட்டும் வண்டுகளுக்கு வழிவிடச் சொல்லும் அறிவிப்புப் பலகை. இவர் உண்மையாகவே காரை நிறுத்தி ஒரு வண்டு தெருவைக் கடக்கும்வரை காத்திருந்தார். யானை? அதன் சாணம் மட்டும் தெரு நீளத்துக்குக் கிடந்தது.

மத்தியானம் நிவி காருக்குள் சத்தி எடுத்தாள். இவர்தான் துடைத்தார். கண்ணாடியில் படிந்த ஆவியையும் துடைத்தார். திரும்பும்போது, “பச்சையாத்தான் கிடக்கு இடம். வடிவு” என்றார். என்னைத் தேற்றுகிறாராம்! எனக்கு அழுகை வந்தது.

எங்களுக்கு மிச்சம் இருந்தது அடுத்த நாள் ஒன்றுதான். அதற்கு மறுநாள் விமானம்.

விடுதியில் படுத்துக்கொண்டு எங்கே பிழை விட்டோம் என்று யோசித்தேன். யோசிக்க யோசிக்க ஒன்று பிடிபட்டது. காருக்குப் பூசை செய்யவில்லை!

சிரிக்காதீர்கள். பாரிஸில் எங்கள் ஆட்கள் யார் கார் வாங்கினாலும், தூரத்து ஓல்னே-சூ-புவாவில் வீடு என்றாலும் லாசப்பல் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுவந்துதான் மறு வேலை. ஐயர் சந்தனம் வைத்து, நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்து, ஏற்றி நசித்துவிட்டுத்தான் அனுப்புவார். ஒருமுறை என் சினேகிதியின் கார் அப்படி நிற்கும்போது ஒரு பொலிஸ்காரர் வந்து நசிந்த தேசிக்காயைப் பார்த்துவிட்டு, “இங்கே மீனும் பொரிப்பீர்களா?” என்று கேட்டாராம். வாடகைக் காருக்கு இதெல்லாம் தேவையா என்று எனக்கும் சந்தேகம்தான். ஆனாலும் பிள்ளை அதற்குள்தானே இருக்கிறாள்.

விடுதியைச் சுற்றித் தோடம்பழத் தோட்டம். அந்தப் பள்ளத்தாக்கே தோடம்பழத்துக்குப் பெயர்போனது. மரங்கள் எல்லாம் மஞ்சள் விளக்குக் கொளுத்தியது போல நின்றன. பின்வளவில் ஒரு தேசி மரம். வேண்டியதைப் பிடுங்குங்கள் என்று விடுதிக்காரி முதல் நாளே சொல்லியிருந்தாள். காலையில் பிடுங்கினேன். திருநீறு என் பையில் எப்போதும் இருக்கும். அதைப் பூசி, நாலு தேசிக்காயைச் சில்லுகளுக்கு முன்னால் வைத்தேன், மிச்சத்தைக் கைப்பைக்குள் போட்டேன்.

“அம்மா, பூர்குவா?” என்று நிவி கேட்டாள். அவளுக்கு ஏன் என்ற கேள்வி பிரெஞ்சில்தான் வரும்.

“பிள்ளையார் ஆனையைக் காட்டுவார்.”

இவர் ஏறி உட்கார்ந்து காரை முன்னால் எடுத்தார். பொளக், பொளக் என்று நசிந்தன.

முதல் நாளும் பூங்கா வாசலில் பழம் இருக்கிறதா என்று கேட்டிருந்தார்கள். இல்லை என்றோம். விமான நிலையத்தில் கேட்பது போல ஏதோ செடிநோய்க்காகக் கேட்கிறார்கள் என்று நான் நினைத்திருந்தேன்.

ஒரு வாளி தண்ணீர்

இனி வாசலுக்கு வருவோம். வாயைத் திறவாதையும் என்று இவர் சொன்னார் அல்லவா? எனக்கு அது முடியாது. ஒரு பிள்ளையின் தாய் யானைக் காட்டுக்குள் நாலு தேசிக்காய்ச் சில்லோடு எப்படிப் போவாள்? பிரெஞ்சு வாடை அடிக்கும் என் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன்.

“மன்னிக்க வேண்டும். நாங்கள் காலையில் எலுமிச்சம்பழங்களுக்கு மேலால் கார் ஓட்டினோம்.”

“தெருவில் கிடந்ததா?”

“இல்லை. நாங்கள்தான் வைத்தோம்.”

அவள் என்னைப் பார்த்தாள். இவரைப் பார்த்தாள். “ஏன்?”

“பாதுகாப்புக்கு.”

தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள் பாருங்கள்! கூடவேலை செய்தவனைக் கூப்பிட்டு அவர்களுடைய மொழியில் சொன்னாள். அவனும் வந்து சில்லை மணந்து பார்த்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பின்னால் கார்கள் காத்து நின்றன. எனக்குக் காது சுட்டது. பிறகு அவளே ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து சில்லுகளுக்கு ஊற்றினாள்.

“யானை கிட்ட வந்தால் என்ஜினை நிறுத்திவிட்டுச் சத்தம் போடாமல் இருங்கள். காதை விரித்துத் தலையை ஆட்டினால் மட்டும் மெல்லப் பின்னுக்கு எடுங்கள்” என்றாள். “உங்கள் கடவுளையும் கூப்பிடுங்கள்.”

செம்மண் யானைகள்

புகார் கலைந்திருந்தது. ஒரு வளைவு திரும்பியதும் கீழே நீர்த்தேக்கம். அதன் கரையில்...

நான் எண்ணவில்லை. எண்ண முடியவில்லை. பற்றைக் காட்டுக்குள்ளிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. சாம்பல் நிறம் இல்லை! அந்த மண்ணில் புரண்டு எல்லாம் செங்கல் நிறம். குட்டிகள் தாயின் காலுக்கிடையால் ஓடின. ஒன்று சறுக்கித் தண்ணீருக்குள் விழுந்து, எழும்பி, வேண்டுமென்றே மறுபடி விழுந்தது.

“றெகார்ட்! அம்மா, பப்பா, றெகார்ட்!” என்று நிவி இருக்கைப் பட்டிக்குள் துள்ளினாள். பார், பார் என்று. நாங்கள் எங்கே பார்க்காமல் இருந்தோம்! நான் கைதட்டிவிட்டேன். பிறகு வாயைப் பொத்திக்கொண்டேன். இவர் ஸ்டியரிங்கில் நாடியை ஊன்றிக்கொண்டு இருந்தார். கமராவை எடுக்கவே இல்லை.

அப்போது கூட்டத்திலிருந்து ஒன்று விலகியது. கொம்பில்லாத பெண் யானை. அங்கே பெண் யானைகள் பெரும்பாலும் அப்படித்தான். தும்பிக்கையை எங்கள் பக்கம் உயர்த்தி, மடக்கி, மணந்தது. பிறகு நடக்கத் தொடங்கியது. எங்களை நோக்கி, நேராக.

இவர் என்ஜினை நிறுத்தினார்.

கிட்ட வரவர முன்கண்ணாடி முழுவதும் யானையானது. பிறகு என் யன்னல் முழுவதும் யானையானது. தோலின் வெடிப்புகளுக்குள் காய்ந்த சேறு. தும்பிக்கை இறங்கியது. என் பக்கத்து முன்சில்லடியில் சைக்கிள் பம்ப் அடிப்பது போலச் சத்தம். ஃபூ... ஃபூ... வாளித் தண்ணீர் போகாத ஏதோ ஒரு இடுக்கில் தேசிக்காய் ஒட்டிக்கொண்டிருந்திருக்க வேண்டும். கார் இலேசாக ஆடியது.

“எடுக்கட்டோ?” இவர் கிசுகிசுத்தார். கை என்ஜினைப் போடும் திறப்பில் இருந்தது. “நீர் சொல்லும். எடுக்கட்டோ?”

பின்னால் திரும்பினேன். நிவி இரண்டு கைகளாலும் வாயை மூடிக்கொண்டு, கண்ணை அகல விரித்து இருந்தாள். அழவில்லை. யானையின் காதைப் பார்த்தேன். அசைந்தது. விரிக்கிறதா, விசிறுகிறதா? விசிறுகிறது என்று நினைத்தேன். உடனே, நினைத்தது பிழையென்றால் என்றும் நினைத்தேன். குரூகருக்கே போயிருக்கலாம். வன்செனுக்குப் போயிருக்கலாம். இவ்வளவு பெரிய காது, என்ஜினைப் போட்டால் சத்தத்தில் வெருண்டால்? போடாவிட்டால்?

கணவரைப் பார்த்தேன். என்னிடம்தான் கேட்டார், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. யானையின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். துடைப்பக்குச்சி போல நீண்ட இமை மயிர். அதற்குள் மண்ணிறக் கண். வாயைக் கொஞ்சம் திறந்தபடி, மூச்சு விடுகிறாரா என்றே தெரியாமல் இருந்தார்.

“வேண்டாம்” என்றேன். “நிக்கட்டும்.”

சொன்ன பிறகு மாற்றிச் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் அது அபூர்வம்.

தும்பிக்கை மேலே வந்தது. என் யன்னல் கண்ணாடியில் அதன் ஈரமான நுனி ஒட்டியது. உள்ளே என் கன்னம், வெளியே அது. இடையில் ஒரு கண்ணாடித் தடிப்பு. ஒரு மூச்சு விட்டது. கண்ணாடி முழுவதும் ஆவியும் சேறும் தெறித்தன. தூரத்தில் பெரிய யானை ஒன்று அடிவயிற்றால் உறுமியது. அந்தச் சத்தம் என் இருக்கை வழியாகக் காலுக்குள் வந்தது. எங்கள் யானை நின்று கேட்டது. பிறகு, போதும் என்பது போலப் பின்பக்கத்தைக் காட்டித் திரும்பி நடந்தது.

முதலில் பேசியது நிவி.

“அம்மா, உங்கடை பிள்ளையார் காரைத் துடைக்காமல் போயிட்டார்.”

இவர் சிரிக்கத் தொடங்கினார். ஸ்டியரிங்கில் தலையை முட்டி முட்டிச் சிரித்தார். கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி சிரித்தார். “இனி ஆரும் கேட்டால் சொல்லுவன்” என்றார். “ஓம், நான் ஆபிரிக்காவுக்குப் போனனான். ஒரு ஆனை வந்து என்ரை காரை மணந்தது எண்டு சொல்லுவன்.”

சிங்கம் பார்த்தீர்களா என்று லாசப்பலில் இன்றும் கேட்கிறார்கள். இல்லை. பார்க்கவில்லை.

மற்றப் பாதை

பின்னேரம் வாசல் மூடும் நேரம் கிட்டிக்கொண்டிருந்தது. கொண்டுபோன தட்டை வடை முடிந்திருந்தது. எல்லோருக்கும் பசி. திரும்பும் வழியில் எதிரே ஒரு கார் நின்றது. வயதான கணவன் மனைவி. கண்ணாடியை இறக்கி, உற்சாகமாகக் கையைக் காட்டினார்கள். மற்றப் பாதையில் கொஞ்சத் தூரம் போனால் கழுதைப்புலி குட்டிகளோடு தெருவோரத்தில் படுத்திருக்கிறதாம். கூடையில் போட்டு எடுக்கலாம் போல அவ்வளவு சின்னக் குட்டிகளாம். நேரம் மட்டுமட்டாகத்தான் இருக்கிறதாம்.

இவர் நன்றி சொன்னார். கார் போனதும் என்னைப் பார்த்தார்.

“காணும், விடுதிக்குப் போவம். நீர் இண்டைக்குப் பட்ட பாடு போதும்” என்று வாசல் பக்கம் சிக்னலைப் போட்டார்.

அது டிக் டிக் என்று அடித்தது. பின்சீட்டில் நிவி மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

“திருப்புங்கோ” என்றேன்.

“கழுதைப்புலியப்பா. உமக்குப் பயமில்லையோ?”

“பயம்தான். கெதியாத் திருப்புங்கோ!”